பொன்னா, போனதா, பேரனா? புள்ளி இல்லாத பழைய பத்திரத்தைப் படிப்பது

கொள்ளுத்தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கிரயப் பத்திரம் கிடைத்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தமிழ் எழுத்துகள்தான், ஆனால் சேர்த்துப் படித்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. எங்குமே புள்ளி இல்லை, நடுநடுவே கோலம் போட்டதுபோல் குறிகள். இது தமிழா, வேறு மொழியா, கணக்குப்பிள்ளைகளின் ரகசிய எழுத்தா? இதுதான் உங்கள் கேள்வி. முதல் பக்கத்தின் படமும் கடைசிப் பக்கத்தின் படமும் அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல வேலை செய்தீர்கள், படம் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

தமிழ்தான். ரகசியமும் ஒன்றும் இல்லை. உங்களுக்கு எழுத்து தெரியாததால் இது படியாமல் இல்லை. இதை எழுதியவர், உள்ளே என்ன இருக்கும் என்று முன்பே தெரிந்த ஆளுக்காக எழுதினார். நமக்கு எழுத்து என்றால் தெரியாத விஷயத்தைத் தெரிவிப்பது. அவருக்கு அது தெரிந்த வாசகத்தை நினைவுபடுத்துவது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவிழும்.

புள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம். புள்ளி நமக்குப் புதிதாக வந்ததில்லை. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதோடு நிற்காமல், எகரமும் ஒகரமும் அப்படியே என்றும் சொல்கிறது. அதாவது அன்றைக்குக் குறில் எ, குறில் ஒ இரண்டின் தலையிலும் புள்ளி உண்டு. புள்ளி இல்லாவிட்டால் அது நெடில். நன்னூல் காலம் வரை இலக்கணம் இதையே திருப்பிச் சொல்கிறது. ஆக விதி இருந்தது, அதைக் கடைப்பிடிக்கத்தான் ஆளில்லை.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், அதனால் விட்டுவிட்டார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்வெட்டுகளைப் பாருங்கள். கல் பொத்துப் போகாது. அங்கேயும் புள்ளி ஒரு வரியில் இருக்கும், அடுத்த வரியில் இருக்காது, பெரும்பாலும் இருக்கவே இருக்காது. உங்கள் பத்திரமோ காகிதத்தில் மையால் எழுதியது, அதிலும் புள்ளி இல்லை. ஓலை ஒரு சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழ் பேசுகிறவனுக்கு ‘அவன வநதான’ என்று எழுதிக் கொடுத்தால் ‘அவன் வந்தான்’ என்று தானாகவே வாய் படித்துவிடும். வாய்க்குத் தெரிந்ததைக் கை எதற்கு மெனக்கெட்டு எழுத வேண்டும்?

இப்போது உங்கள் முதல் பக்கத்தின் நான்காவது வரியைப் பாருங்கள். ஒரு கொம்பு, ஒரு ப, ஒரு கால், பிறகு ஒரு ன. நீங்கள் அதைப் ‘பொன’ என்று படித்துவிட்டு விழித்திருப்பீர்கள்.

பழைய கையெழுத்தில் ர என்ற எழுத்தும், ஆகாரத்துக்குப் போடுகிற காலும் ஒன்றுதான். ர-வுக்குக் கீழே இன்று நாம் இழுக்கும் சாய்ந்த கோடு பிற்பாடு வந்தது. (அந்தப் பழக்கத்தின் மிச்சத்தை இப்போதும் பார்க்கலாம். பல எழுத்துருக்களில் ர், ரி இரண்டும் அந்தக் கோடு இல்லாமல் காலைப் போலவே நிற்கும்.) இதோடு கொம்பில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, ஒற்றுக்குப் புள்ளியும் கிடையாது. ஆக, கொம்பு, ப, கால் என்ற மூன்று உருவங்களை வைத்துக்கொண்டு பொ, போ, பெர, பேர, பெர், பேர் என்று ஆறு விதமாகப் படிக்கலாம். ஒரு ன சேர்ந்தால் ‘பொன்’ வரும், ‘போன’ வரும், ‘பேரன்’ வரும். மூன்றும் எழுத்தில் ஒன்றே.

இதில் நானே விழுந்திருக்கிறேன். பழைய பத்திரங்களைப் படிக்கத் தொடங்கிய புதிதில், உறவினர் ஒருவரின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். இன்னாருடைய பொன்னுக்கு இவ்வளவு என்று நான் படிக்க, வீடே சுறுசுறுப்பாகிவிட்டது. எந்தப் பொன், யார் கொண்டுபோனார்கள் என்று அரை மணி நேரம் பேச்சு. அப்புறம் ஒரு பெரியவர் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘பேரனுக்கு’ என்று படித்தார். பொன் போன கதைதான்.

இந்தக் குழப்பத்தில் பாதியைத் தீர்த்து வைத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே வாழ்ந்தவர். நெடில் ஏகாரத்துக்குக் கொம்பின் தலையில் இன்னொரு சுழி, ஏ-வுக்கு ஒரு கீழ்க்கோடு, ஓ-வுக்கு ஒரு சுழிப்பு என்று அவர் வகுத்ததுதான் இன்று நாம் எழுதுவது. தமிழை வீட்டில் கற்றவனுக்கு உறைக்காத குறை, வெளியிலிருந்து வந்து எழுத்தைப் பார்த்துக் கற்றவருக்கு உறைத்திருக்கிறது. வாய் முன்பே படிக்கும் வசதி அவருக்கு இல்லை அல்லவா. அச்சு பரவிய பிறகு இந்த வேறுபாடும் புள்ளியும் புத்தகத்தில் நிலைத்தன. கையெழுத்துக்காரர்கள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் மசியவில்லை. உங்கள் பத்திரத்தை எழுதியவர் ஓரிடத்திலாவது இரட்டைச் சுழிக் கொம்பு போட்டிருக்கிறாரா என்று தேடினேன். இல்லை. முனிவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அவர் சொன்னது இந்தக் கைக்கு எட்டவில்லை.

அடுத்த சிக்கல் இடைவெளி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவது, கமா, முற்றுப்புள்ளி, பத்தி பிரிப்பது எல்லாம் அச்சோடு சேர்ந்து வந்த பழக்கங்கள். ஓலையில் இடம் வீணாகக் கூடாது, ஓட்டமாக எழுதிக்கொண்டே போவார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கையில் இருந்தவை இப்படிப் புள்ளியும் இல்லாமல், இடைவெளியும் இல்லாமல், பாட்டு எது உரை எது என்றும் தெரியாமல் ஓடிய ஏடுகள். அங்கே ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால் ஒரு அரசனின் பெயரே மாறிவிடும். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி சும்மா வரவில்லை.

ஏடு என்றதும் ஒன்று. சுவடியில் துளையிட்டு, ஏடுகள் நழுவாமல் இருக்க ஒரு இரும்புக் கம்பியைச் செருகுவார்கள். அதற்குப் பெயர் நாராசம். அதைக் காய்ச்சிக் காதில் விட்டால் எப்படி இருக்கும் என்ற நினைப்பில்தான் ‘காதில் நாராசமாய் விழுந்தது’ என்கிறோம். கடிதத்துக்கு மடல், பத்திரிகைக்கு இதழ், புத்தகத்தின் பக்கத்துக்கு ஏடு என்று பனைமரமும் பூவும் நம் எழுத்து வேலையிலிருந்து இன்னும் இறங்கவே இல்லை. சரி, பத்திரத்துக்கு வருவோம்.

நீங்கள் கோலம் என்று சொன்னவை சுருக்கக் குறிகள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. கணக்கு நோட்டுகளாக இருந்தால் ௶ (பற்று), ௷ (வரவு) என்று இன்னும் இரண்டு வரும். இவை எல்லாம் இன்று உங்கள் போனிலேயே இருக்கின்றன, யாரும் தட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இவற்றில் எனக்குப் பிடித்தது ௸. ஒருவர் பெயரையோ ஒரு நிலத்தையோ ஒரு முறை சொல்லிவிட்டால், பிறகு முழுவதும் சொல்லாமல் இந்தக் குறியைப் போட்டுவிட்டுப் போவார்கள். வேகமாக எழுதும்போது இது பார்ப்பதற்கு ஷகரம் மாதிரி இருக்கும். பிற்பாடு தட்டச்சு வந்தது. தட்டச்சுப் பொறியில் இந்தக் குறி இல்லை. என்ன செய்வது? பார்க்க எது மாதிரி இருக்கிறதோ அதையே அடித்தார்கள்: ‘ஷெ’. அடுத்த தலைமுறை குமாஸ்தாக்கள் அதை அப்படியே வாயாலும் படிக்க ஆரம்பித்தார்கள். ‘ஷெயார்’, ‘ஷெ வீடு’, ‘ஷெ நிலம்’ என்று பத்திரங்களில் பார்க்கிறீர்களே, அதற்கு எந்த அகராதியிலும் வேர் தேட வேண்டாம். அது ஒரு சொல்லே இல்லை, ஒரு படத்தின் தப்பான ஒலிபெயர்ப்பு. மேற்படி என்ற சொல்லின் கதை வேறு பக்கம் போனது. பெயர் சொல்ல விரும்பாத ஆளை ‘மேற்படியான்’ என்பதும், வாய்விட்டுச் சொல்லக் கூடாததை ‘மேற்படி சமாச்சாரம்’ என்பதும் பத்திரத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வந்த பேச்சு.

தேதிக்கு வருவோம். உங்கள் பத்திரத்தில் ‘நந்தன ௵ ஆவணி ௴ ௰௫ ௳’ என்று இருக்கிறது. நந்தன வருஷம் ஆவணி மாதம் 15ஆம் தேதி. ஆனால் எந்த நந்தன? அறுபது வருஷப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். கடைசியாக 2012இல் நந்தன வந்தது, அதற்கு முன் 1952, அதற்கும் முன் 1892. அந்தக் காலத்து ஆட்களுக்கு இது ஒரு சிக்கலே இல்லை. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று பாட்டிகள் சொன்னால் 1876இல் தொடங்கிய அந்தப் பெரும் பஞ்சம்தான், வேறு தாது வருஷத்தை யாரும் நினைக்க மாட்டார்கள். நமக்குத்தான் துணைச் சாட்சி வேண்டும். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணியின் தலை இருக்கிறது, ஆகவே 1952 அடிபட்டுப் போகிறது. அதற்குக் கீழேயே ‘பசலி ௲௩௱௨’ என்று ஒரு வரி இருக்கிறது. பசலி என்பது முகலாயர் காலத்து வருவாய்க் கணக்கு ஆண்டு. இங்கே ஜூலையில் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் 590ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591. ஆவணி என்பதால் 1302உடன் 590, ஆக 1892. இரண்டும் ஒத்துப்போகின்றன. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துப் பத்திரமாக இருந்தால் பசலிக்குப் பதிலாகக் கொல்லம் ஆண்டு இருக்கும். அங்கே 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

எண்களை எப்படிப் படித்தேன் என்று கேட்பீர்கள். ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பவை ஒன்று முதல் ஒன்பது வரை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்து. பூஜ்யம் வைத்து இடமதிப்பில் எழுதுவது 19ஆம் நூற்றாண்டில்தான் தமிழ் எண்களுக்குள் மெல்ல நுழைந்தது. பழைய முறை நாம் வாயால் சொல்வதை அப்படியே எழுதுவது. ஆயிரத்து முந்நூற்று இரண்டு என்பது ஆயிரம், மூன்று, நூறு, இரண்டு: ௲௩௱௨. இங்கேயும் வாய் முன்னால், கை பின்னால்.

இந்த எண்கள் எழுத்துகளின் சாயலிலேயே இருப்பது ஒரு தொல்லை. ௧ க-வாகவும், ௨ உ-வாகவும், ௭ எ-வாகவும், ௮ அ-வாகவும் தெரியும். தெரிந்தவர்களுக்கு அதுவே வேடிக்கை. ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல் ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஒருவரை வைய ஆரம்பிக்கும். வசவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? எட்டு என்பது அ. கால் என்ற பின்னத்துக்குக் குறி வ. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘அவ லட்சணமே’. எழுத்தும் கணக்கும் சேர்ந்து தெரிந்தவன்தான் இந்த வசவுக்குக் கோபப்படவே முடியும். தெரியாதவன் எட்டு லட்சணம் போதாதென்று காலும் சேர்த்துப் புகழ்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு போவான்.

கால் என்றதும் பின்னத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலத்தின் அளவே அதில்தான் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முழு எண்ணுக்குச் சமமாகப் பின்னத்தையும் மனப்பாடம் செய்தார்கள். முக்கால், அரை, கால், அரைக்கால் என்பவை நமக்கும் தெரியும். அதற்குக் கீழே போனால் மா என்பது 20இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது 16இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். காணியில் பாதி அரைக்காணி, அதில் பாதி முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு. முந்திரியை மறுபடியும் ஒரு முழுதாக வைத்துக்கொண்டு அதில் ஒரு முந்திரி எடுத்தால் கீழ்முந்திரி, 1,02,400இல் ஒரு பங்கு. இவ்வளவு சின்னப் பங்கு யாருக்கு வேண்டும் என்று சிரிக்காதீர்கள். நாலு தலைமுறை பாகம் பிரித்த நஞ்சையில் அண்ணன் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள்.

டெல்டா பக்கம் இந்தப் பின்னங்களே நில அளவாகவும் நடந்தன. வேலி என்பது அங்கே பெரிய நில அளவு, அதில் 20இல் ஒரு பங்கு ஒரு மா. இன்றைக்கும் ‘மூணு மா நிலம்’ என்றால் தஞ்சாவூர்க்காரர் உடனே ஒரு ஏக்கர் என்று எடுத்துக்கொள்வார். செங்கல்பட்டுப் பக்கத்தில் காணி என்பது தனி அளவு, ஒரு ஏக்கர் 32 சென்ட். ஆகவே பத்திரத்தில் ‘காணி’ என்று வந்தால் அது பின்னமா, நில அளவா, ‘காணியாட்சி’ என்ற உரிமையா என்று சுற்றி இருக்கும் சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணத்திலும் இதே பதினாறுதான். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஆகவே ஒரு அணா என்பது ஒரு மாகாணி ரூபாய். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து இந்த ஒற்றுமையைக் கலைத்தது. அப்படியும் ‘நாலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை’ என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த நாலணாவைக் கையால் தொட்டிராத பிள்ளைகளும் சொல்கிறார்கள். துட்டு என்ற சொல்லும் இப்படி மிஞ்சியதுதான், டச்சுக்காரர்களின் ஒரு சில்லறைக் காசு அது. அந்தக் காசும் போய் ஆட்சியும் போய் வார்த்தை மட்டும் சட்டைப்பையில் தங்கிவிட்டது.

இனி வாசகம். நான் முதலில் சொன்னேனே, எழுதியவர் முன்பே தெரிந்த வாசகத்தை நினைவுபடுத்துகிறார் என்று. பத்திரத்தின் முக்கால்வாசி மனப்பாடமான சூத்திரம். இன்ன தேதி, இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்த கிரய சாசனம், இவ்வளவு ரூபாய் ரொக்கம் பெற்றுக்கொண்டபடியால், நாளது தேதி முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்தரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பாருங்கள், புள்ளி இல்லாத எழுத்து தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். உங்கள் படத்தில் ஏழாம், எட்டாம் வரிகளில் ‘நிதி நிட்சேபம் ஜலம் பாஷாணம்’ என்று ஒரு கோவை ஓடுகிறது. அது மந்திரம் அல்ல. மண்ணுக்குள் புதையல் இருந்தால் அதுவும், வைத்த பொருளும், தண்ணீரும், கல்லும், இப்போது வருகிற வருமானமும், இனிமேல் வரப்போகிறதும் எல்லாம் வாங்கியவருக்கே என்கிற எட்டு வகை உரிமை. அஷ்டபோகம் என்பார்கள். முப்பது சென்ட் மேட்டு நிலத்துக்கும் புதையலையும் சேர்த்தே எழுதிக்கொடுப்பார்கள். அதில் கஞ்சத்தனமே கிடையாது.

கீழே ‘தபசில்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. யாரும் தவம் செய்யவில்லை. பாரசீகம் வழியாக வந்த சொல், சொத்து விவரம் என்று அர்த்தம். ‘செக்குபந்தி’ என்பதில் எண்ணெய் ஆட்டும் செக்கு இல்லை. அதுவும் அதே வழியில் வந்தது, நான்கு எல்லை என்று பொருள். வகையறா, ஜில்லா, தாலுகா, ஜாமீன், ஷரா எல்லாம் இந்தக் கூட்டம்தான். தஞ்சாவூர் மராட்டியர் காலத்து ஆவணமாக இருந்தால் மராத்தியைச் சேர்த்தெழுதும் மோடி என்ற எழுத்தும் நடுவே வந்து இன்னும் படுத்தும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

செக்குபந்தியில் ஒரு பொறி இருக்கிறது, முதல் முறை படிக்கும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ‘வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால், பாதை நிலத்துக்கு மேற்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலம் பாதைக்கு மேற்கே இருக்கிறது. அதாவது பாதை உங்கள் கிழக்கு எல்லை. வரைபடம் போட்டுப் பார்க்கும்போது நான்கு பக்கமும் தலைகீழாக வந்தால் இதுதான் காரணம்.

ரகசிய எழுத்தா என்று கேட்டீர்கள். எழுத்தில் ரகசியம் இல்லை, ஆனால் பேச்சில் உண்டு, அதற்கு நம் இலக்கணம் ஒரு பெயரே வைத்திருக்கிறது: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்களாம், யானைப்பாகர்கள் ஆடையைக் ‘காரை’ என்பார்களாம். கள்ளுக்கு ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள், ‘சொல்விளம்பி’. உள்ளே போனால் உள்ளதையெல்லாம் சொல்ல வைப்பது. நன்னூலுக்கு உரை எழுதியவர்கள் சாராய வாசனை படாமல் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் அந்தச் சொல்லை வைத்தவனுக்கு நல்ல அனுபவம் இருந்திருக்கிறது. இதே இடத்தில் மங்கலம் என்று இன்னொரு வழக்கும் வரும். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்பது. ஓலையைத் திருமுகம் என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இன்னொன்று மட்டும் சுருக்கமாக. லை, ணை, ளை, னை எழுத்துகளுக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவும், ணா, றா, னா எழுத்துகளில் காலுக்குப் பதிலாக ஒட்டிய ஒரு சுழியும் இருப்பதைப் பார்த்து நீங்கள் வேறு எழுத்து என்று நினைத்திருக்கலாம். இது அவ்வளவு பழைய சங்கதி இல்லை. உங்கள் வீட்டிலேயே அறுபதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் அவர் பள்ளியில் இப்படித்தான் எழுதியிருப்பார். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் மாற்றி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணை போட்டு 13 எழுத்துகளை மாற்றியது. ஒரே தலைமுறையில் தும்பிக்கை மறைந்துவிட்டது. பழைய புத்தகங்களைப் படிக்கும்போது எனக்கு இன்னும் அந்த லை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு எளிது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சரி, இப்போது எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? முதல் வரியிலிருந்து வேண்டாம். முதல் வரியில் பிள்ளையார் சுழியும் தேதியும் இருக்கும், அது முடிந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே எழுதிக்கொடுத்தவர் பெயர், சாட்சிகள், எழுதிய ஆளின் பெயர் எல்லாம் இருக்கும். அதில் சில பெயர்கள் உங்களுக்கு முன்பே தெரியும், உங்கள் குடும்பப் பெயர்கள்தானே. கொள்ளுத்தாத்தா பெயரை முதலில் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இந்த ஆள் க எப்படிப் போடுகிறார், த எப்படிப் போடுகிறார், கொம்பை எங்கே சுழிக்கிறார் என்று ஒரு தாளில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே எழுத்துகளை மேலே தேடுங்கள். ஊர்ப் பெயர், பக்கத்து நிலத்துக்காரர் பெயர், பிறகு வாசகம். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் திறக்காது, வாயால் படித்தால் பாதி வரியில் அர்த்தம் வந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் காதில் விழும்படி படியுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் வாசகம் அவர்களுக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டாவது சாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கிறதே, மை சிந்தியது என்று அழித்துப் படம் எடுக்க வேண்டாம். அதுதான் தற்குறி. எழுதத் தெரியாதவர் தன் அடையாளமாகப் போட்ட கீறல். இன்று ஆளைத் திட்டும் சொல்லாகிவிட்டது, அன்றைக்கு அது சட்டப்படி செல்லுகிற கையெழுத்து. பக்கத்தில் எழுதியிருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கொம்பு, ப, கால், ன. இந்த முறை பேரன்தான். யாருடைய பேரன் என்பது அடுத்த சொல்லில் இருக்கிறது, அங்கே காகிதம் மடிந்திருக்கிறது. மடிப்பை மெதுவாகப் பிரித்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.